சொந்த நாற்காலிக்கு ரிப்பன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. புதன் காலை ஒசூரில் இறங்கினேன். குளிர்ந்தது. ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை.
2. வியாழன் மாலை கிருஷ்ணகிரியில் ஒரு சிரிப்புப் பாட்டைக் கேட்டு ஒரு மண்டபமே அழுதது.
3. வெள்ளி மதியம் ஒரு மணிக்கு ஒரு தொழிற்சாலை என் தோழியின் சொந்தச் சக்கர நாற்காலியை அவளுக்கே பரிசாகக் கொடுத்தது.
4. வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு அதே தொழிற்சாலை அந்த நாற்காலியைக் கேட்டில் பிடித்து வைத்துக்கொண்டது.
5. வெள்ளி மாலை அவள் நாற்காலி இல்லாமல் எல்லை தாண்டிப் போய்ப் பாடினாள்.
6. சனிக்கிழமை நான் ஊர் திரும்பினேன்.

மூன்றையும் நான்கையும் மறுபடி படிக்க வேண்டாம். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, அரங்குகளுக்கு ஒலியமைப்பு செய்து கொடுக்கிறேன். மஞ்சுளா கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண். சக்கர நாற்காலியில் இருப்பவள். எப்படி ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வாள். ஒருமுறை ரயிலில் ஓர் அம்மாவிடம் சர்க்கஸ் சிங்கம் என்றாள். அந்த அம்மா ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். ஆகவே நானும் காரணத்தைச் சொல்லப் போவதில்லை.

அவள் ஒசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டே, மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நடத்துகிறாள். பெயர் ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்’. கேபரே செய்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்குப் பழைய சினிமாவின் சிவப்பு விளக்கும் வில்லனின் மேசையும்தான் ஞாபகம் வரும். இவர்கள் செய்வது வேறு. சாப்பிடுகிற மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடுவது, பாட்டுக்கு நடுவில் பேசுவது, பேச்சில் சாப்பிடுகிறவர்களை வம்புக்கு இழுப்பது. பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. மிக்சர் பார்க்கும் ஆளுக்கு டைபாய்டு, நாலு நாள் வாடி என்றாள். போனேன்.

போனதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், ஒரு பெரிய ஓட்டல். அதன் மேனேஜர் மாலை ஏழு மணிக்கு இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார். பிடித்துப் போனால் சனிக்கிழமைதோறும் இவர்கள்தான். அதுவரை இவர்களைக் கூப்பிட்ட எல்லோரும் ஏதாவது ஒரு நல்ல காரியத்தை முன்னிட்டுக் கூப்பிட்டவர்கள். பாட்டு கேட்பதற்கென்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. இந்த ஓட்டல் கிடைத்தால் அதுவே இவர்களுடைய முதல் வேலை.

ஒசூர் எனக்கு வெளிநாடு மாதிரிதான் இருந்தது. டவுன் பஸ் கண்டக்டர் என்னிடம் தமிழில் சில்லறை கேட்டு, பின்சீட்டுக்காரரிடம் தெலுங்கில் சண்டை போட்டு, டிரைவரிடம் கன்னடத்தில் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: “கேரளாப் பொண்ணு போலிருக்கு, பாவம், குளிர்ல நடுங்குதுன்னு சொல்றாருங்க.” நான் கேரளம் இல்லை. நடுங்கியது உண்மை. மெஸ்ஸில் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தால் வெல்லம். எங்கள் ஊரில் குழம்பில் இனிப்பு இருந்தால் சமைத்தவருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்போம். ஆனால் மஞ்சுளா கிண்டிக் கொடுத்த கேழ்வரகுக் களியையும் கீரைக் குழம்பையும் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் இல்லாமலே நன்றாக இருந்தது. இதை ஊரில் சொல்ல முடியாது.

அவளுடைய லைன் வீட்டில்தான் ஒத்திகை. கீபோர்டு வாசிக்கும் நாகராஜ் அண்ணனுக்குப் பார்வை இல்லை. வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். திட்டுவதற்கு மட்டும் இந்தி, அது பக்கத்து அறை பீகார்ப் பையன்களிடம் கற்றது. டிரம்ஸ் வாசிக்கும் முருகேசன் அண்ணன் சிங்காரப்பேட்டைக்காரர். ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தபோது வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி, குச்சியை மணிக்கட்டோடு கட்டிக்கொள்கிறார். நான் அந்தக் கட்டையே உற்றுப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

“என்னாம்மா பாக்கற? என்னோட மூணு விரலு அங்கயே பர்மனன்ட் ஆயிடுச்சு. நான்தான் இன்னும் காண்ட்ராக்ட்டு.”

“சிரிடி. காசு குடுத்து கேக்க வேண்டிய ஜோக்கு, ஓசில சொல்றாரு” என்றாள் மஞ்சுளா.

வியாழக்கிழமை கிருஷ்ணகிரி. வியாபாரிகள் சங்கம் ஒன்றின் கூட்டம், வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டது. தலைவர் குழுவை அறிமுகம் செய்தார். அந்த அறிமுகத்தில் இருந்தவை: கடவுள் (நான்கு முறை), தன்னம்பிக்கை (ஏழு முறை), “இவங்களைப் பாத்தாவது நம்ம வீட்டுப் பசங்க திருந்தணும்” (ஒரு முறை). இல்லாதவை: குழுவின் பெயர், பாடுகிறவர்களின் பெயர், இவர்கள் பாடுவார்கள் என்கிற தகவல்.

முதலில் தரகர் பாட்டு. கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளையைப் புகழ்ந்து விற்கிறார்:

“மாப்ளைக்கு மூணு விரலு கம்மி, அதனால
மோதிரச் செலவும் கம்மி!”

இந்த இடத்தில் முருகேசன் அண்ணன் கையைத் தூக்கிக் காட்டி, டமாரென்று ஓர் அடி அடிப்பார். லைன் வீட்டில் நான் சிரித்துப் புரையேறிய இடம். மண்டபத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அடுத்தவரும் எடுத்தார். தொற்று வியாதிபோல் பின்வரிசை வரை போனது.

நாகராஜ் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். “ஏம்மா ஷீபா, சிரிப்புச் சத்தமே காணமே? மூக்கு உறிஞ்சற சத்தந்தான் கேக்குது. எல்லாருக்கும் சளியா?”

“அழறாங்கண்ணா.”

“தரகர் பாட்டுக்கா? அப்ப சாவுப் பாட்டு போட்டா ஆடுவாங்களா, கேளு.”

 திரும்பும் வழியில், சூளகிரி தாண்டிய பிறகு மஞ்சுளா ஒன்று சொன்னாள்: “நாளைக்கும் அழுதாங்கன்னா நான் இத விட்டுடறன்.” அவள் மிரட்டுகிற ஆள் இல்லை. நான் குறித்துக்கொண்டேன்.

வெள்ளி காலை அந்தத் தொழிற்சாலை. வண்டிகளுக்கு ஏதோ பாகம் செய்கிறார்கள், என்ன பாகம் என்பது இங்கே தேவையில்லை. அன்று பாதுகாப்பு விழா. பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் நிகழ்ச்சி, பன்னிரண்டுக்குள் வெளியே விட்டுவிடுவோம் என்று எச்.ஆர். மேடம் சொல்லியிருந்தார். ஓட்டலுக்குப் போகிற வழிதானே என்று மஞ்சுளா ஒத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் எங்கள் சாமான்கள் எல்லாவற்றையும் ‘திரும்பிப் போகும் பொருட்கள்’ என்ற பதிவேட்டில் எழுதினார். கீபோர்டு ஒன்று. டிரம் செட் ஒன்று. மிக்சர் ஒன்று. பிறகு குனிந்து, மஞ்சுளா உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியின் அடியிலிருந்த வரிசை எண்ணைத் தேடி, ‘சக்கர நாற்காலி ஒன்று’ என்று எழுதி, எண்ணையும் எழுதினார்.

“அதுல ஒரு பொம்பள ஒண்ணுன்னும் எழுதிக்கங்கண்ணா. அப்பறம் வெளிய விடமாட்டீங்க” என்றாள் மஞ்சுளா.

“ஆளுக்கு வேற புக்கும்மா” என்றார் அவர். வேறு புத்தகம் இருக்கத்தான் செய்தது.

விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். பாதுகாப்பு உறுதிமொழி மூன்று மொழிகளில் எடுக்கப்பட்டது. எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால், மீதி இருந்தது இரண்டு பாட்டுக்கான நேரம். மேடை நான்கடி உயரம், படி மட்டுமே. கேண்டீனிலிருந்து நான்கு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்க வந்து நின்றார்கள். “வேணாங்க, நான் கீழயே பாடறன். மேல இருக்கறவங்க எட்டிப் பாத்துக்கட்டும்” என்றாள். மேலே இருந்த ஐந்து பேரும் அப்படியே எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற தொழிலாளர்கள் மட்டும் தரகர் பாட்டுக்குச் சிரித்தார்கள். முன்னாலிருந்த ஆபீஸ் சட்டைகள் திரும்பிப் பார்த்ததும் அதுவும் நின்றது.

பிறகு பரிசளிப்பு. நாகராஜ் அண்ணனுக்குச் சுவர்க் கடிகாரம். முருகேசன் அண்ணனுக்கு, பாதுகாப்பு விழா என்பதால், ஒரு ஜோடி கையுறை. “நல்ல கனமா இருக்குது. ஆறு வருசம் முன்னாடி குடுத்திருந்தா உபயோகமா இருந்திருக்கும்” என்றார், மைக் பக்கத்தில் இருப்பது தெரிந்தே.

மஞ்சுளாவுக்குப் புதுச் சக்கர நாற்காலி கொடுப்பதாகத் திட்டம். அது வந்து சேரவில்லை. எச்.ஆர். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். “போட்டோவுக்கு மட்டும். அவங்க சேருக்கே ரிப்பன் கட்டிடலாம். அவங்க அஞ்சு நிமிஷம் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா போதும். ரிப்போர்ட் இன்னைக்கே போகணும்.”

என் தவறு இங்கேதான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இதை மறுத்தால் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கும், செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன். மஞ்சுளாவிடம் போய், “செஞ்சுட்டு கிளம்பிரலாம்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினாள். அவள் முதுகின் அளவுக்குக் கோயம்புத்தூரில் செய்து வாங்கிய நாற்காலி அது. அதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி, ஐந்து பெரியவர்களும் ஆளுக்கு ஒரு கை வைத்து, அவளை நோக்கி இரண்டடி தள்ளினார்கள். கைதட்டல். புகைப்படம்.

விழாவில் வழங்கப்படும் எந்தப் பொருளும் முதலில் ஸ்டோர்ஸ் பதிவில் ஏற வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் நடைமுறை. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஸ்டோர்ஸ் ஆள் வந்தார், நாற்காலியின் பின்புறம் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார், ஸ்கேன் செய்தார், போனார். தன் வேலையைச் சுத்தமாகச் செய்த மனிதர்.

சாப்பிட்டு, சாமான் ஏற்றி, கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. ஷிப்ட் மாறும் நேரம். காலையில் பார்த்த அதே செக்யூரிட்டி அண்ணன் நாற்காலியைச் சுற்றி வந்தார். நின்றார்.

“அம்மா, இந்த சேர் போவாதும்மா.”

“என்னண்ணா விளையாடறீங்களா? காலைல நீங்கதான எழுதினீங்க? உங்க கையெழுத்தே இருக்குது” என்றாள் மஞ்சுளா.

“இருக்குது. நான் இல்லன்னு சொல்லலியே. காலைல உங்களுது. இப்ப ஸ்டிக்கர் இருக்குது, கம்பெனிது. கம்பெனி சாமான் வெளிய போவணும்னா ஸ்டோர்ஸ் மேனேஜர் பாஸ் வேணும்.”

“கம்பெனிதான் எனக்குக் குடுத்துடுச்சே! கைதட்டினாங்களே!”

“குடுத்தாங்க, நானும் பாத்தன். குடுத்ததுக்குப் பாஸ் போடல.”

முருகேசன் அண்ணன் ஸ்டிக்கரைப் பிய்த்துவிடலாமா என்றார். செக்யூரிட்டி தலைக்கு மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். “உங்க கை போனப்ப உங்களுக்கு எந்தக் கம்பெனி வேலை குடுத்துச்சு? எனக்கும் இத உட்டா வேற இல்லண்ணா.” முருகேசன் அண்ணன் ஸ்டிக்கரை விட்டு நகர்ந்தார்.

ஸ்டோர்ஸ் மேனேஜர் வார விடுமுறைக்குப் பெங்களூர் கிளம்பிவிட்டார். போன் அணைந்திருந்தது. எச்.ஆர். மேடம் மூன்றரை மணிக்கு வந்து, நிலைமையைக் கேட்டு, திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம் என்றார். அதுவரை? உள்ளே போய் அலுவலகச் சுழல் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இதுலயும் சக்கரம் இருக்கு இல்ல?”

அதையும் செக்யூரிட்டி நிறுத்தினார். அதற்கும் பாஸ் இல்லை. எச்.ஆர். மேடம் முதல் முறையாக வருத்தப்பட்டது போல் தெரிந்தது.

மணி நாலரை. தெரிவுகளை வரிசைப்படுத்தினேன். காத்திருக்கலாம், ஓட்டல் போய்விடும். ஓட்டல்காரரிடம் தள்ளிப்போடச் சொல்லலாம், அதுவும் போய்விடும். நான் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சுளா வேன் கதவைத் திறக்கச் சொன்னாள்.

“முருகேசண்ணா, நீங்க அந்தப் பக்கம். ஷீபா, நீ இந்தப் பக்கம்.”

“மத்தியானம் நாலு பேர் தூக்க வந்தப்ப வேண்டாம்னியே” என்றேன்.

“தூக்கறது யாரு, எங்க, எப்பன்னு நான் சொல்லணும். மத்தியானம் அவங்க சொன்னாங்க. இப்ப நான் சொல்றன். தூக்குடி.”

தூக்கினோம். நாற்காலி கேட் ஓரத்தில், ரிப்பனோடு நின்றது.

எல்லைக்கு முன்னால் போக்குவரத்து செத்துக் கிடந்தது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட ட்ரெய்லர் சந்திப்பில் திரும்ப முடியாமல் இரண்டு பக்கச் சாலையையும் அடைத்திருந்தது. எங்கள் ஊருக்குப் போகிற இறக்கையாகவும் இருக்கலாம், ஆரல்வாய்மொழியில் இதுபோல் ஆயிரம் சுற்றுகின்றன. ஊர்ப்பாசம் கொஞ்சமும் வரவில்லை. டிரைவர் ஒருவர் கன்னடத்தில் கத்தினார். நாகராஜ் அண்ணன் மொழிபெயர்த்தார்: “இவ்ளோ நீள ஃபேனை எந்த மாமனார் சீர் குடுத்தான்னு கேக்கறான்.” அன்று நாங்கள் எல்லோரும் முதலில் சிரித்தது அதற்குத்தான். மஞ்சுளா அதை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆறே முக்காலுக்கு ஓட்டல். மேனேஜர் பிரகாஷ், கோட்டு போட்ட இளைஞர், வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார். தமிழில் சொன்னால்: ‘இன்று மாலை மாற்றுத்திறனாளிகளின் மனம் உருக்கும் இசை.’ மஞ்சுளா அதைப் படித்தாள். கைப்பிடி வைத்த சாப்பாட்டு நாற்காலி ஒன்றில், மேசைகளுக்கு நடுவில் தன்னை உட்கார வைக்கச் சொன்னாள். முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் அதை முடித்துவிட்டோம். நான் ஒலியைச் சரிசெய்தேன். அந்தக் கூரையில் எதிரொலி அதிகம், அதை அடக்குவதற்கே பத்து நிமிடம் ஆயிற்று.

ஒன்றரை மணி நேரமும் மூன்று மொழியில் ஓடியது. வந்தவர்கள் மென்பொருள்காரர்கள், நிலத் தரகர்கள், குடும்பங்கள். கல்யாணத் தரகர் பாட்டு அன்று நிலத் தரகர் பாட்டாக மாறியது. ஒரு மேசையில் நான்கு தரகர்கள் தங்களைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்து இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். பிரியாணி தின்றுகொண்டிருந்த ஒருவரிடம் நாகராஜ் அண்ணன், “சார், எலும்பு கடிக்கிற தாளம் தப்பு, முருகேசனோட சேந்து கடிங்க” என்றார். அவர் சேர்ந்து கடித்தார். காற்றாலை மாமனார் அறிமுகமாகி மூன்று முறை கேட்கப்பட்டார். ஒருவரும் அழவில்லை. நான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் பிரகாஷ் வந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, ஏதோ குறையும் இருந்தது.

“ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். ஒரே ஒரு கம்ப்ளைன்ட். நாலஞ்சு டேபிள்ல கேட்டாங்க, இதுல யாரு ஹேண்டிகேப்டுன்னு. போர்டுல போட்டிருக்கோம், பாத்தா தெரியல. உங்க வீல்சேர் எங்க?”

“அது லீவுல இருக்குது” என்றாள் மஞ்சுளா.

“அடுத்த வாரம் கொண்டு வாங்க. முன்னாடி வெச்சு ஒரு லைட் அடிச்சிடலாம். அப்பதான் ஜனங்களுக்கு ஒரு ஃபீல் வரும்.”

நான் ஒயர் சுற்றுவதை நிறுத்தினேன். சனிக்கிழமைகள் எல்லாமே அந்த ஒரு பதிலில் நின்றன.

“சார், நடுவுல யாராவது எழுந்து போனாங்களா?” என்று கேட்டாள் மஞ்சுளா.

“இல்ல.”

“சாப்ட்டு முடிச்சவங்க?”

“உக்காந்துதான் இருந்தாங்க. இன்னொரு ரவுண்டு ஐஸ்க்ரீம் போச்சு.”

“அப்ப ஃபீல் வந்துடுச்சு சார். சேர் வந்தா நான் உக்கார வரும், லைட்டுக்கு வராது. போர்டுல எங்க பேர் மட்டும் போடுங்க. அது முடியாதுன்னா வேற ஆளு பாத்துக்கங்க.”

அவர் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு யோசித்தார். சொல்கிறேன் என்றார். சொல்கிறேன் என்றால் ஒசூரில் என்ன அர்த்தமோ, எல்லைக்கு அந்தப் பக்கமும் அதேதான் என்று நாகராஜ் அண்ணன் வேனில் விளக்கினார்.

இதை எழுதும்போது நிலைமை இது. பிரகாஷ் பலகையை மாற்றி எழுதவில்லை, எடுத்துவிட்டார். ஒவ்வொரு வியாழனும் போன் செய்து, இந்தச் சனி வாருங்கள் என்கிறார். இதுவரை மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நிரந்தரம் என்று எதுவும் எழுதித் தரவில்லை. தொழிற்சாலை, சொன்னபடியே திங்கட்கிழமை, நாற்காலியைக் கொடுக்கத் தயார் என்று கடிதம் அனுப்பியது. ‘நன்கொடையாக நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சுளா இரவல் நாற்காலியில் இருக்கிறாள். முதுகு வலிக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.